ஞானி மையா கடைசி ஆள் அல்ல

மேற்கு நேபாளத்தின் டாங் மாவட்டத்தில் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை லமஹி என்ற ஊர் வழியாகப் போகிறது. அந்தப் பக்கத்துக் குல்மோரில் ஞானி மையா சேன் என்றொரு மூதாட்டி வாழ்ந்தார். 2012இல் அவரைப் பற்றிச் செய்தி வந்தபோது வயது 75 என்று போட்டிருந்தார்கள். நேபாளத்தில் குசுண்டா மொழியைத் தடையில்லாமல் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்றும் இருந்தது. 2020 ஜனவரியில் அவர் காலமானார். அன்றிலிருந்து ‘ஒரு மொழியே அவரோடு போய்விட்டது’ என்ற தொனியில் எழுதுவது வழக்கமாகிவிட்டது.

அந்தக் கணக்கு தப்பு. அது எங்கே தப்பியது என்பது 2012இன் செய்தியிலேயே இருந்தது. புனி தாக்குரி என்ற இன்னொரு மூதாட்டி இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார். அவருடைய மகள் கமலா கத்ரி வேலை தேடி வெளிநாடு போய்விட்டார். ஆகவே மிச்சம் ஒருவர். ஒரு பெண் விமானம் ஏறியதால் ஒரு மொழியின் பேச்சாளர் எண்ணிக்கை பாதியானது! கமலா பிறகு ஊர் திரும்பினார். ஞானி மையா இறந்த பிறகும் அந்த மொழியைப் பேசுகிற, கற்றுக்கொடுக்கிற வாய் அவருடையதுதான்.

குசுண்டாவுக்கு இப்படி இரங்கல் எழுதுவது இது முதல் முறையும் அல்ல. 1848இல், அதற்கு முன்பு காட்மாண்டுவில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக இருந்தவரும் மொழி ஆர்வலருமான பிரையன் ஹாட்ஜ்சன், மத்திய நேபாளத்து அடர்காடுகளில் சேபாங், குசுண்டா என்று இரண்டு சிதறுண்ட குடிகள் இருப்பதாகவும், முந்தைய காலத்து மக்களின் உடைந்த துண்டுகள் போல அவர்கள் தெரிவதாகவும் எழுதினார். 1857இல் அவருடைய சொற்பட்டியல் அச்சானது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. 1960களின் இறுதியில் ஜோஹன் ரைன்ஹார்ட் என்ற மானுடவியலாளர் தேடிப் போய்ச் சிலரைக் கண்டுபிடித்தார். 1970இல் அவரும் தோபா என்ற மொழியியலாளரும் சேர்ந்து ஒரு சிறு இலக்கணக் குறிப்பும் சொற்தொகுப்பும் கொண்டுவந்தார்கள். (இதே ரைன்ஹார்ட்தான் 1995இல் பெரு நாட்டு எரிமலை உச்சியில் உறைந்து கிடந்த இன்கா சிறுமியின் உடலைக் கண்டெடுத்து உலகப் புகழ் பெற்றவர். குசுண்டாவைத் தேடிய நாட்கள் அந்தப் புகழில் மங்கிவிட்டன.) அதன்பின் மறுபடியும் மௌனம். மொழி அழிந்துவிட்டது என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். 2004இல் மூன்று பேர் காட்மாண்டுவுக்கு வந்து நின்றார்கள்.

ஏன் ஒவ்வொரு முறையும் எண்ணுகிறவர்கள் கோட்டை விடுகிறார்கள்? முதல் காரணம், பெயர். ‘குசுண்டா’ என்பது மற்றவர்கள் வைத்த பெயர். காட்டுமிராண்டி என்கிற இளக்காரம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது மிஹாக் என்று. வெளியாட்களிடம் சொல்லும்போது ‘பன் ராஜா’. தமிழ்க் காதுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், வனராஜாதான். அந்த ராஜா பேச்சுக்குச் சொன்னதல்ல. அவர்களுடைய குலப்பெயர்கள் சேன், ஷாஹி, சிங், கான். முதல் மூன்றும் நேபாள மலையரசர்களான தாக்குரிகளின் தோரணை. கணக்கெடுக்க வருகிறவர் வாசலில் நின்று பெயர் கேட்டால் ‘சேன்’ என்று பதில் வரும். அவர் அதை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். புனி தாக்குரி, கமலா கத்ரி ஆகிய இரண்டு பெயர்களையும் திரும்பப் பாருங்கள். குசுண்டா என்று ஊகிக்க ஒரு எழுத்துகூட இல்லை. பெயருக்குப் பின்னால் குசுண்டா என்று சேர்த்துக்கொள்ளும் பழக்கம், அழியும் நிலையிலுள்ள பழங்குடிகள் என்று அரசாங்கமே பட்டியல் போட்டு உதவித்தொகை தரத் தொடங்கிய பிறகு வலுத்தது.

இரண்டாவது காரணம் காடு. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் இவர்கள் நிலையாக ஓரிடத்தில் தங்கியவர்கள் இல்லை. கிளையும் தழையும் கொண்டு குடில் போட்டு, சில நாள் இருந்து, நகர்ந்து போவார்கள். பறவை, உடும்பு வேட்டை. கையில் நெடிய வில், இறகு கட்டாத அம்பு. வால்பக்கம் இறகு இருந்தால் அம்பு நேராகப் போகும். இறகில்லாத அம்பை நீளமாகவும் முனைப்பக்கம் கனமாகவும் செய்தால்தான் திசை மாறாது. அப்படியும் தூரத்துக்கு உதவாது. புதருக்குள் பத்து இருபது அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் இரைக்கு அது போதும்.

வேட்டை கிடைக்கிற நாளைவிடக் கிடைக்காத நாள் அதிகம் என்பதால் வயிற்றைக் காப்பாற்றியது காட்டு வள்ளிக்கிழங்கு. நேபாள மலைகளில் அதைத் தருல், கிட்டா, ப்யாகுர் என்று இனம் பிரித்துச் சொல்வார்கள். நம்மூர் மலைக்காரர்களுக்கும் இந்தக் குடும்பம் தெரிந்ததுதான். கிட்டாவைத்தான் நாம் காய்வள்ளி என்கிறோம். மழைக்காலத்தில் கொடி தழைத்து மரமேறும், மழை நின்று குளிர் தொடங்கும்போது இலை பழுத்து உதிரும். கிழங்கில் மாவு ஏறி நிற்பது அப்போதுதான். முன்கூட்டியே தோண்டினால் நீர் கோத்த, சவசவ என்ற கிழங்கு வரும். தாமதித்தால் காய்ந்த கொடி ஒடிந்து காற்றில் போய்விடும், அடியில் கிழங்கு எங்கே என்று தெரியாது. ஆக, தோண்டும் பருவமே சில வாரங்கள்தான். கிழங்கு செங்குத்தாகக் கீழே இறங்கும், கல் இடுக்கில் வளைந்து நுழையும். மேலிருந்து இழுத்தால் கழுத்தில் முறிந்துவிடும். அதனால் கூர்சீவிய கழியை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு குழி பறித்து, கிழங்கின் ஓரமாகவே கீழே இறங்க வேண்டும். கொடி ஒட்டியிருக்கும் தலைத்துண்டை மட்டும் விட்டு மண்ணை மூடினால் அடுத்த பருவத்துக்கு அதே இடத்தில் கிழங்கு உண்டு. கிட்டாவும் ப்யாகுரும் கசப்பு. வில்லை போட்டு, அடுப்புச் சாம்பல் கலந்த நீரில் வேகவைத்து, நீரை மாற்றி, ஊறப்போட்டுக் கழுவ வேண்டும். அவசரப்பட்டால் தொண்டை அரிக்கும், வாந்தி வரும்.

கிழங்கும் இறைச்சியும் அடிவாரத்து ஊர்களுக்குப் போகும். அரிசியும் மாவும் திரும்பி வரும். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் நேபாளி மொழி அவர்கள் வாயில் ஏறியது. காட்டுக்குள் ஒரு மொழி, சந்தைக்கு ஒரு மொழி என்று இரண்டும் இருந்தவரை சிக்கல் இல்லை.

1957இல் நேபாள அரசு தனியார் காடுகளைத் தேசியமயமாக்கியது. தாழ்வான பள்ளத்தாக்குகளில் மலேரியா கட்டுப்பட, மலையிலிருந்து விவசாயிகள் இறங்கிவந்து காட்டை வெட்டி வயலாக்கினார்கள். கிழங்கு தோண்டுவதும் உடும்பு பிடிப்பதும் அனுமதி கேட்க வேண்டிய விஷயமாகிவிட்டது. பன் ராஜாக்கள் ஊர் ஓரங்களில் ஒதுங்கிக் கூலிவேலைக்குப் போனார்கள். இங்கேதான் மொழியின் கழுத்து முறிந்தது. அவர்கள் கூட்டமாக ஒரே ஊரில் குடியேறவில்லை. டாங், ரோல்பா, பியுடான், சுர்க்கேத், அப்பால் தனஹு, கோர்க்கா என்று ஊருக்கு ஒன்றிரண்டு வீடாகச் சிதறினார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளையும் பையனுக்குப் பெண்ணும் மகர், சேத்ரி என்று வெளியில்தான் அமைந்தது. புகுந்த வீட்டில் மாமியாருக்கும் புருஷனுக்கும் புரியாத பாஷையைப் பேசினால் யார் பதில் சொல்வது? பிள்ளைகளுக்கு நேபாளியே தாய்மொழி ஆனது. ‘காட்டு ஆள்’ என்ற கேலி வேறு. தெரிந்தவர்களும் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். தேடி வந்த ஆய்வாளர்களுக்கும் அந்தப் பதில்தான் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறோம்.

நாம் வீட்டில் தமிழும் வெளியில் இன்னொரு மொழியும் பேசுகிறவர்கள். அதை வைத்து ஞானி மையாவின் நிலைமையை அளந்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் முடியாது. எத்தனை தூர தேசத்தில் இருந்தாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் நமக்குத் தமிழ் கிடைக்கும். அவருக்கு நம்பர் போட ஆள் இல்லை. ‘நல்லவேளை எனக்கு நேபாளியும் வரும், ஆனால் என் சொந்த ஜனங்களோடு என் மொழியில் பேச முடியவில்லையே’ என்பதுதான் 2012இல் அவர் சொன்னதன் சாரம்.

2004க்கு வருவோம். ஞானி மையா சேன், கமலா, பிரேம் பகதூர் ஷாஹி ஆகிய மூவரும் காட்மாண்டுவுக்கு வந்தது மொழியை ஒப்படைக்க அல்ல. குடியுரிமைச் சான்றிதழுக்காக. நேபாளத்தில் நாகரிக்தா என்ற அந்தக் காகிதம் இல்லாமல் நிலம் பதிய முடியாது, அரசு உதவி எதுவும் கைக்கு வராது. அன்று அதைப் பெற அப்பனிடமோ புருஷனிடமோ அதே காகிதம் இருக்க வேண்டியிருந்தது, உள்ளூர் நிர்வாகத்தின் பரிந்துரையும் வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடில் மாற்றியவர்களிடம் இதில் எது இருக்கும்? காகிதம் தேடி வந்த இடத்தில் திரிபுவன் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் கண்ணில் பட்டார்கள். அவர்களில் ரோல்பாவின் சாகி பகுதியிலிருந்து வந்த ஒருவர் மொழியைச் சரளமாகப் பேசினார். இது நடந்த வருஷத்தை மறக்கக் கூடாது. 1996இல் தொடங்கிய மாவோயிஸ்ட் போர் உச்சத்தில் இருந்தது, அதன் கருவறையே ரோல்பாதான். ஒலிப்பதிவுக் கருவியோடு அந்த மலைக்குள் யாரும் போய் உட்கார்ந்திருக்க முடியாது. மொழி தானாகவே கீழே இறங்கி வந்தது ஒரு விந்தையான அதிர்ஷ்டம்.

டேவிட் வாட்டர்ஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர், யோகேந்திர பிரசாத் யாதவ், மாதவ் பிரசாத் பொக்ரெல், பலராம் பிரசாயி ஆகியோருடன் சேர்ந்து அந்த மூவரிடமிருந்து ஒரு இலக்கண நூலை உருவாக்கினார். 2005இல் அது வெளிவந்தது. வாட்டர்ஸ் ரோல்பா, ருகும் பக்கத்து காம் மொழியில் பல்லாண்டு ஊறியவர், அக்கம்பக்கத்து மொழி எது, இரவல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர். அவர் கண்ட முடிவு: சொல்லிலும் இலக்கணத்திலும் ஒலியிலும் சுற்றியுள்ள எந்த மொழியோடும் இது ஒட்டவில்லை. திபெத்திய–பர்மிய மொழி அல்ல, ஆரிய மொழி அல்ல, முண்டாவும் அல்ல, திராவிடமும் அல்ல. தனி மொழி.

ஒலியைப் பற்றி ஒரு விஷயம், தமிழர்களுக்கு இது சுவாரசியப்படும். நமக்கு நாக்கு எந்த இடத்தைத் தொடுகிறது என்பது உயிர்போகிற விஷயம். பல்லைத் தொட்டால் த, அண்ணத்துக்கு வளைந்தால் ட. பத்து வேறு, பட்டு வேறு, பற்று வேறு. குசுண்டாவில் நாக்கின் எந்தப் பகுதி தொடுகிறது என்பதே கணக்கு, எங்கே தொடுகிறது என்பது கணக்கில்லை. நுனிநாக்கால் சொல்லும் ஒரே ‘த’ ஒலி, பக்கத்தில் இ வந்தால் பல்லில் படும். எ, உ வந்தால் கொஞ்சம் பின்னால். ஒ, ஆ வந்தால் நம் ட போலவே வளையும். கூடவே உள்நாக்கு ஒலி ஒன்று வந்துவிட்டால் ச மாதிரி ஆகிவிடும். ‘நாங்கள்’ என்பதற்கான சொல்லின் உள்வடிவம் தோக், காதில் விழுவதோ சோக். நாலு எழுத்தாக நமக்குக் கேட்பது அவர்களுக்கு ஒன்று. இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பால், அபாயம் இரண்டிலும் நாம் ஒரே ப எழுதுகிறோம், இரண்டாவதை வேறு மாதிரி உச்சரிக்கிறோம், யாரும் அதைக் கவனிப்பதில்லை. குசுண்டாவிலும் உயிர்களுக்கு நடுவில் ப இப்படித்தான் மெலிகிறது.

அந்த உள்நாக்கு ஒலிதான் இந்த வட்டாரத்திலேயே வேறு எந்த மொழியிலும் இல்லாதது. க சொல்லும் இடத்துக்கும் உள்ளே, வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் நிற்குமே, அங்கே பிறப்பது. மதரஸாவில் குர்ஆன் ஓதக் கற்றவர்களுக்குக் ‘காஃப்’ என்ற ஆழமான எழுத்து தெரிந்திருக்கும், அதே இடம். மிஹாக் என்று நாம் எழுதுவதன் கடைசி க் உண்மையில் இந்த ஒலி.

உயிர் ஒலி ஆறு. ஆனால் அவை இ–எ, மங்கிய அ–ஆ, உ–ஒ என்று மூன்று ஜோடிகள். ஜோடியில் முதலாவது மேல் வரிசை, இரண்டாவது கீழ் வரிசை. ஒரு சொல்லுக்குள் மேல் வரிசை வந்தால் முழுக்க மேல், கீழ் வரிசை வந்தால் முழுக்கக் கீழ். பெரும்பாலான சொற்களை இரண்டு விதமாகவும் சொல்லலாம், பொருள் மாறாது. உள்நாக்கு ஒலி இருந்தால் மட்டும் கீழ் வரிசை கட்டாயம். பழைய பட்டியல்களையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் ஒரே சொல் வேறு வேறு உயிரோடு கிடப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். வட்டார வழக்கு என்பார்கள், பாட்டி மறந்துவிட்டார் என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை.

வினைகளில் ஒரு வகுப்புக்கு ஆள் குறி முன்னால் வரும். நாம் வந்தேன், வந்தாய் என்று வாலில் வைப்பதைத் தலையில் வைக்கிறார்கள்: நான் என்றால் த், நீ என்றால் ந், அவர் என்றால் க். நேற்று, இன்று, நாளை என்ற மூன்று காலத்தைவிட, நடந்ததா, இன்னும் நடக்காததா என்ற பிரிவு முக்கியம். நடக்காததைச் சொல்லும்போது சில வினைகளில் மெய்யொலியே தொண்டைப் பக்கம் பின்வாங்கிவிடும். வாக்கியத்தை எதிர்மறையாக்கப் பொதுவான ஒரு வழி கிடையாது என்று பொக்ரெல் சொல்வது செய்திகளில் ‘இல்லை என்ற சொல்லே இல்லாத மொழி’ என்று பரபரப்பாக வந்தது. தமிழருக்கு இது அத்தனை மர்மம் இல்லை. ‘குடியேன்’ என்பதில் இல்லை எங்கே இருக்கிறது? வினையின் உருவமே மறுப்பைச் சுமக்கிறது. அவர்கள் டீ வேண்டாம் என்பதற்கு, நான் குடிப்பது நடக்காத காரியம் என்ற பாங்கில் குடி என்ற வினையைத் திருப்பிப் போடுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் யாராவது நிச்சயம் ஆரம்பிப்பார்கள். குசுண்டாவில் தண்ணீருக்கு ‘தாங்’. நீ என்பதற்கு ‘நு’. ஆகா, தண்ணீர்! ஆகா, நீ! கிடையாது. தண்ணீரில் ‘தண்’ என்பது குளிர்ச்சி, நீர் என்பதுதான் நீர். பிரித்தாலே ஒற்றுமை உதிர்ந்துவிடுகிறது. நெருப்புக்கு ‘ஜா’, சூரியனுக்கு ‘இங்’, நான் என்பதற்கு ‘த்ஸி’. இவற்றை எங்கே கொண்டு ஒட்டுவது? நேபாளத்தில் திராவிட மொழி பேசுகிறவர்கள் உண்டுதான், கிழக்குத் தராயில் குருக் மொழியின் கிளையைப் பேசும் உராவ் மக்கள். குசுண்டாவுக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. பெரிய அறிஞர்களும் இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். 2004இல் வைட்ஹவுஸ், ரூலன் முதலியோர், நான்–நீ–அவர் என்னும் மூவிடப்பெயர்களின் ஒற்றுமையைக் காட்டி, குசுண்டா அந்தமான் மொழிகளோடும் நியூ கினி மொழிகளோடும் உறவு என்று அறிவித்தார்கள். பழைய, அரைகுறைச் சொற்பட்டியலை வைத்துச் செய்த வேலை அது. த, ந போன்ற ஒலிகள் உலகத்தில் எத்தனையோ மொழிகளின் மூவிடப்பெயர்களில் வரும். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

சரி, ஒரே ஒரு மூதாட்டியிடமிருந்து மொழியைப் பதிவது எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது?

சொற்பட்டியலில்தான் எல்லாரும் தொடங்குவார்கள். உடம்பு, நெருப்பு, நீர், நாய், நட்சத்திரம் என்று சில நூறு கருத்துகள். டிம் போட் என்ற மொழியியலாளரும் டாங்கைச் சேர்ந்த உதய் ராஜ் ஆலேயும் வெளியிட்ட பட்டியலில் 250 இருக்கின்றன. ஒவ்வொரு சொல்லையும் மூன்று தடவை சொல்லச் சொல்வது, பிறகு ஒரு வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லச் சொல்வது, இன்னொரு நாள் வரிசையைக் குலைத்து மறுபடி கேட்பது. ஒரே நாளில் மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்தால் அது உறுதி என்று அர்த்தமில்லை, அன்றைய முதல் உச்சரிப்பையே அவர் தொடர்கிறார் என்றும் இருக்கலாம். மேலே சொன்ன உயிர் ஜோடி விளையாட்டு வெளிப்படுவது அடுத்த வாரம்தான்.

நேபாளியில் கேட்டால் நேபாளி அச்சில் பதில் வரும், இதுதான் பெரிய சறுக்கல். குசுண்டாவில் இடது, வலது என்று நிலையான சொல் கிடையாது, ‘இந்தப் பக்கம்’, ‘அந்தப் பக்கம்’தான். ‘இடதுக்கு என்ன?’ என்று கேட்டால் மரியாதைக்காக ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்பார். கேட்டவர் ‘இடது = இது’ என்று எழுதிக்கொள்வார். மொழியில் இல்லாத சொல் ஒன்று அகராதியில் ஏறிவிடும். வெட்டுக்கத்தி, கிழங்கு, இலை என்று பொருளைக் கையில் கொடுத்து, அல்லது ஒரு வேலையைச் செய்யச் செய்யக் கேட்பதே மேல். அடுத்தது, பெரியவர்களின் பெருந்தன்மை. படித்த ஆள் தப்பாக உச்சரித்தாலும் ‘ஆமாம், அதேதான்’ என்று தலையாட்டிவிடுவார்கள். வேண்டுமென்றே மோசமாக உச்சரித்துப் பார்த்து, அவர் சிரிக்கிறாரா, திருத்துகிறாரா என்று சோதிக்க வேண்டும். அதற்கும் தலையாட்டினால் அன்றைய குறிப்புகளை நம்பக் கூடாது.

பல் விழுந்த வாயில் பல்லொலிகள் நழுவும். தகரக் கூரையில் மழை பெய்தால் மூச்சொலிகள் எல்லாம் போச்சு. போனில் அழுத்திச் சேமிக்கும் கோப்பில் க–உள்நாக்கு வேறுபாடு மங்கும், அதனால் சுருக்காத வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வாய்க்கு அருகில் தனி மைக். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் களைப்பில் நேபாளி கலக்கும். கூலி நாள் போகிறதென்றால் அந்தக் கூலியைத் தர வேண்டும், அது தானம் இல்லை. பதிவின் ஒரு பிரதி குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒற்றை ஆளிடம் கிடைக்காதவை உண்டு: குறுக்கே பேசுவது, கிண்டல், குழந்தையைக் கூப்பிடுவது, ‘ம்’ கொட்டுவது, கோபத்தில் பாதியில் விடும் வாக்கியம். எதிரில் ஒரு ஆள் இருந்தால்தான் அவை வரும். 2019இல் போட்டும் ஆலேயும் ஞானி மையா, கமலா இருவரிடமும் பதிவு செய்தார்கள். அதற்கு அடுத்த ஜனவரியில்தான் ஞானி மையா போனார். அந்த சில மாதங்கள் தள்ளிப்போயிருந்தால் இரண்டு வாய்கள் கொண்ட குசுண்டா நமக்குக் கிடைத்திருக்காது.

மக்கள்தொகைக் கணக்கை வைத்து இந்த மொழியின் உடல்நிலையைச் சொல்லப் பார்ப்பது வீண். 2001இல் குசுண்டாக்கள் 164, தாய்மொழி குசுண்டா என்றவர்கள் 87. 2011இல் 273, அதில் மொழி 28. 2021இல் 253, மொழி 23. சரளமாகப் பேசியவர்கள் ஒரு கை விரலுக்குள் இருந்த காலத்தில் 87, 28 எல்லாம் எங்கிருந்து வந்தன? படிவம் கேட்பது ‘உன் தாய்மொழி எது?’ என்று, ‘பேச வருமா?’ என்று அல்ல. என் ஆத்தாள் பேசியது என் தாய்மொழி என்று ஒருவர் சொன்னால் அது பொய்யில்லை. அந்த 28 பேரைப் பொய்க்கணக்கு என்று தள்ளுகிறவர்களோடு எங்களுக்கு ஒப்புதல் இல்லை. வகுப்பு நடத்த வேண்டுமென்றால் முதலில் தேடிப் போக வேண்டியது அவர்களைத்தான்.

வகுப்பும் நடக்கிறது. நேபாள மொழி ஆணையம் 2019 முதல் லமஹிப் பக்கம் குசுண்டா வகுப்புக்கு ஆதரவு தருகிறது, ஆலே கற்றுக்கொடுக்கிறார். அகராதியும் 2017இலேயே போட்டிருக்கிறார். தொலைவிலுள்ள மாவட்டங்களின் குசுண்டாப் பிள்ளைகள் லமஹிப் பக்கம் விடுதியில் தங்கிப் பள்ளியில் படிக்கவும் கூடவே மொழி கற்கவும் ஏற்பாடு இருக்கிறது. பரீட்சை லீவில் அந்தப் பிள்ளைகள் போகும் ஊரில் குசுண்டா வீடு ஒன்றோ இரண்டோ. அப்பா அம்மாவுக்கு மொழி தெரியாது. குசுண்டாச் சங்கத்தார் பல வருஷமாகக் கேட்டுவருவது எல்லாருக்கும் சேர்த்து ஒரே குடியிருப்பு. உதவித்தொகையைவிட அதுதான் மொழிக்கு உபயோகம் என்பது எங்கள் அபிப்பிராயம், பக்கத்து வீட்டில் சண்டை போடவாவது அந்த மொழி வேண்டியிருக்கும்.

பாடப்புத்தகத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்த எழுத்து தேவநாகரி. நேபாளிக்குப் புழங்கும் தேவநாகரியில் உள்நாக்கு ஒலிக்கு எழுத்தில்லை, க போட்டுச் சமாளிக்க வேண்டும். த, ட, ச மூன்றுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, அதனால் ஒரே ஒலியை மூன்றாகப் பிரித்தாக வேண்டும். ‘நாங்கள்’ என்பதைக் காதில் கேட்டபடி ச போட்டு எழுதினால் பிள்ளை முதல் நாளே சரியாகச் சொல்லும், ஆனால் ‘நான்’ என்பதன் த் குறியோடு அதற்குள்ள உறவு மறைந்துபோகும். த போட்டு எழுதினால் உறவு தெரியும், ஆனால் நேபாளியில் வளர்ந்த நாக்கு அதை ‘தோக்’ என்றே படிக்கும். கமலா சொல்வது சோக்.